ஐந்து எண்ணிய நால்வர்



பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். இருந்த இடத்திலிருந்தே, கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு, 'தகிட தக, தகிட தக' என்று நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள். மூன்றும் இரண்டுமாக ஐந்து எண்ணிக்கை வரும். நம்முடைய கண்டசாபுத் தாளத்தில் 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாக வருவது, இங்கே முன்பின்னாக மாறி நிற்கிறது, அவ்வளவே. கோயில் வீதியிலே தவிலொலி கேட்டு வளரும் நம் சிறுவர்க்கு இந்த ஐந்து புதுமையன்று. ஆனால் 1959 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டிலே நால்வர் கூடி, இவ்வைந்தெண்ணிக்கையில் ஒரு மெட்டை இசைத்தட்டிலே பதிந்தபோது, அந்த இசைத்தட்டு நிறுவனத்தாரிற் பலர் இது விலைபோகுமோ என்று ஐயுற்றனர். காலெடுத்து ஆட முடியாத தாளத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அவர்களுடைய கவலை. அந்த மெட்டோ உலகமெங்கும் பரவிற்று. 'டேக் ஃபைவ்' என்பது அதன் பெயர். அதனை இசைத்தவர்கள் டேவ் புரூபெக் நால்வர் குழுவினர்.

அக்குழுவின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன். புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றின் வரலாறு, எத்தனை தட்டுக்கள் விற்றன, எத்தனை ஊர்களில் அரங்கு நிறைந்தது என்ற கணக்கோடு முடிந்துவிடுவதுண்டு. இந்த நால்வரின் வரலாறு அவ்வளவில் முடிவதன்று. ஒருவனுடைய குரல் எழ வேண்டுமானால், உடன் இருப்போர் என்ன செய்ய வேண்டும்? எதை இழக்க ஆயத்தமாயிருக்க வேண்டும்? இந்தக் கேள்வி மேடையிலும், மேடைக்கு வெளியிலும் அவர்களைத் தொடர்ந்து வந்தது. அதற்கு அவர்கள் அளித்த விடையே நாம் அறிந்து கொள்ள வேண்டியது.

ஜாஸ் என்னும் இசையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தென்பகுதியிலே, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோர், தங்கள் உழைப்புப் பாட்டையும், துயரப் பாட்டையும், தேவாலயப் பாட்டையும் மேனாட்டு வாத்தியங்களோடு இணைத்து ஆக்கிக்கொண்ட இசை இது. நியூ ஓர்லியன்ஸ் நகரம் அதன் தொட்டில் எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது நாடெங்கும் பரவியது. இதன் உயிர்நாடி நாம் மனோதர்மம் என்று சொல்கின்றோமே, அதுதான். முதலில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து இசைப்பர். பின்பு ஒவ்வொருவராக அந்த மெட்டின் சுரக்கட்டுக்குள் நின்று, அந்தக் கணத்திலே தோன்றும் கற்பனையை விரித்து வாசிப்பர். முடிவில் மீண்டும் மெட்டுக்கு வந்து சேர்வர். நம் கச்சேரியில் பல்லவியை எடுத்து, நிரவலும் கற்பனாசுரமும் செய்து, மறுபடி பல்லவிக்குத் திரும்புவதை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு ஒருவாறு விளங்கும். வேறுபாடும் உண்டு. நாம் ஓர் இராகத்தின் வழியே நடக்கின்றோம். அவர்களோ பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் கூட்டொலிகளின் வரிசையொன்றை அடித்தளமாகக் கொண்டு நடக்கின்றனர்.

இந்தக் குழுவின் தலைவர் டேவ் புரூபெக், 1920 டிசெம்பர் 6 ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்துக் கொன்கோர்ட் என்னும் ஊரிலே பிறந்தவர். தாயார் பியானோ ஆசிரியை; தந்தையார் பெரும் மேய்ச்சல் நிலங்களில் மாட்டு மந்தை மேய்ப்போர்க்குத் தலைவராயிருந்தவர். மகனுக்குத் தந்தையின் தொழிலே பிடித்திருந்தது. கால்நடை வைத்தியம் படிக்கவென்று கல்லூரிக்குப் போனார். அங்கே அவருடைய மனம் முழுவதும் இசை மண்டபத்திலேயே இருப்பதைக் கண்ட ஆசிரியர் ஒருவர் அவரை இசைப் பிரிவுக்கே போகும்படி சொல்லிவிட்டார். இசை கற்கப் போனவருக்கு இசைக் குறியீட்டை வாசிக்கத் தெரியாது என்பது இறுதி ஆண்டில்தான் வெளிப்பட்டது! அதுவரை காதினாலேயே கேட்டு வாசித்துச் சமாளித்திருந்தார். பியானோ கற்பிக்கும் தொழிலுக்கு ஒருபோதும் போவதில்லை என்று வாக்குக் கொடுத்த பின்னரே கல்லூரியார் 1942 இல் அவருக்குப் பட்டம் வழங்கினர்.

அவருடைய இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே முதுமையில் கண்கலங்கச் சொல்லியிருக்கின்றார். தந்தையார் ஒருநாள் தமக்குத் தெரிந்த கறுப்பின மாட்டுக்காரர் ஒருவரிடம் மகனை அழைத்துச் சென்று, "உமது மார்பை இவனுக்குக் காட்டும்" என்ற பொருள்படக் கேட்டாராம். அம்மனிதர் சட்டையைத் திறந்து காட்டினார். மாட்டுக்குக் குறிசுடுவதுபோல அவருடைய மார்பிலே சூட்டுக்குறி இடப்பட்டிருந்தது. இப்படிப்பட்டவை நடக்கக்கூடாது என்று தந்தையார் சொன்ன சொல் சிறுவனுடைய நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் புரூபெக் படைவீரராக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1944 இல், போர்முனைக்குப் போகவேண்டிய நிலையிலே, படைவீரரை மகிழ்விக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய இசை நிகழ்ச்சியொன்றிலே பியானோ வாசிக்க ஆள் தேவைப்பட்டது. புரூபெக் எழுந்து போய் வாசித்தார். வாசிப்பைக் கேட்ட மேலதிகாரி அவரைப் போர்முனைக்கு அனுப்பாது, ஓர் இசைக்குழுவை அமைக்கும்படி பணித்தார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒன்றாக இருந்து வாசித்த குழு அது. அமெரிக்கப் படையிலே அக்காலத்தில் இரு இனத்தாரையும் பெரும்பாலும் பிரித்தே வைத்திருந்தனர். ஆதலால் இஃது அரிதான செயல். போர் முடிந்து தாய்நாட்டிலே வந்திறங்கியபோது, டெக்சாஸ் மாநிலத்து உணவுச்சாலையொன்றில் வெள்ளையருக்கு உணவு கிடைத்தது. உடன்வந்த கறுப்பினத் தோழர்களுக்கு அங்கே அமர இடம் கிடைக்கவில்லை. நாட்டுக்காகப் போர் செய்தவன் நாட்டிலே உண்ண இடமில்லாது நின்ற காட்சியை அவர் மறக்கவில்லை.

பின்பு ஓக்லண்ட் நகரத்து மில்ஸ் கல்லூரியிலே, பிரெஞ்சு நாட்டு இசைமேதை டாரியுஸ் மீயோவிடம் புரூபெக் பயின்றார். உன் நாட்டு இசை ஜாஸ். அதை விட்டுவிடாதே என்று அந்த ஆசிரியர் ஊக்கமளித்தார். முதலில் எண்மர் குழு, அதன்பின் மூவர் குழு என்று சில ஆண்டுகள் சென்றன. 1951 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலே கடலிற் குதித்தபோது கழுத்தில் பலத்த காயமேற்பட்டு, நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். அதிலிருந்து தேறியெழுந்தபோதே நால்வர் குழு பிறந்தது.

அக்குழுவில் முதலாவதாக வந்து சேர்ந்தவர் போல் டெஸ்மண்ட் என்னும் சாக்ஸபோன் கலைஞர். சாக்ஸபோன் என்பது வளைந்த பித்தளைக் குழல். நம் கத்ரி கோபால்நாத் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த அதே வாத்தியம். டெஸ்மண்டின் வாசிப்போ மெல்லியது, தெளிந்தது, காற்றில் மிதப்பது போன்றது. புரூபெக் பியானோவில் கனத்த கூட்டொலிகளைக் கட்டியெழுப்புவார். அதன்மேலே டெஸ்மண்டின் குழல் அலட்டாது நடக்கும். இவ்விருவரும் இசையிலே இணைந்த அளவுக்கு வாழ்க்கையில் எளிதாக இணைந்துவிடவில்லை. முன்னொரு தடவை, கோடைகால வேலையொன்றுக்குத் தாமே குழுவை அழைத்துக்கொண்டு போன டெஸ்மண்ட், மனைவி மக்களோடு இருந்த புரூபெக்கை வேலையின்றி விட்டுச் சென்றவர். இனி அவர் முகத்தில் விழிப்பதில்லை என்றே புரூபெக் இருந்தார். டெஸ்மண்ட் வீடு தேடி வந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், காரைக் கழுவித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லி இரந்து நின்றபின்னரே மனம் இளகியது. அந்த மன்னிப்பினாலே ஜாஸ் உலகம் பதினாறு ஆண்டுக்கால இசையைப் பெற்றது.

தொடக்கத்தில் இக்குழுவுக்கு இடமளித்தவை மதுச்சாலைகளும் இரவு விடுதிகளுமே. அதனை மாற்றியவர் புரூபெக்கின் மனைவி அயோலா அம்மையார். மேற்குக் கரையோரத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் மாணவர்க்காக வாசிக்க ஒரு குழு ஆயத்தமாயிருக்கிறது என்று அவர் தெரிவித்தார். கல்லூரி மண்டபங்கள் திறந்தன. மதுவும் புகையும் நடுவே அரைக்காதாகக் கேட்கப்பட்ட இசையை, மாணவர்கள் இருக்கையில் அமர்ந்து முழுக்காதாகக் கேட்டனர். 1953 இல் ஓபர்லின் கல்லூரியில் வாசித்த நிகழ்ச்சி இசைத்தட்டாக வந்தது. அடுத்த ஆண்டில் கல்லூரி நிகழ்ச்சிகளின் மற்றொரு தட்டு பெரும் புகழ் ஈட்டியது.

அந்தப் புகழின் உச்சியிலே, 1954 நவம்பரில், 'டைம்' சஞ்சிகை தன் அட்டையிலே புரூபெக்கின் உருவத்தை வெளியிட்டது. அப்பொழுது இவர் கறுப்பினத்துப் பெரும் இசைவாணராகிய டியூக் எலிங்டனோடு சுற்றுப்பயணத்தில் இருந்தார். காலையிலே விடுதி அறையின் கதவைத் தட்டி, சஞ்சிகையைக் கையிற் கொடுத்தவர் எலிங்டன் அவர்களே! புரூபெக்குக்கு மகிழ்ச்சிக்குப் பதில் நாணமே உண்டாயிற்று. தமக்கு ஆசான்போல விளங்கிய ஒருவருக்கு முன்னே தமக்கு இந்தப் பெருமை வந்துவிட்டதே என்ற வருத்தம் ஆயுள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. எலிங்டனின் உருவம் அவ்வட்டையில் வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 இல். கறுப்பின மக்கள் ஆக்கிய இசைக்கு வெள்ளையர் வாசித்தால் விரைவில் புகழ் வருகிறதே என்று அக்காலத்துச் சிலர் குறைகூறினர். அந்தக் குறையில் உண்மை இல்லாமலில்லை. அதனை உணர்ந்தவர்களுள் புரூபெக்கும் ஒருவர்.

1956 இன் இறுதியில் ஜோ மொரெல்லோ என்னும் டிரம் கலைஞர் குழுவில் சேர்ந்தார். பிறவியிலேயே பார்வை குன்றியவர், கைத்திறனிலே நிகரற்றவர். இங்கேதான் குழுவுக்குள் ஒரு சச்சரவு எழுந்தது. டிரம் என்பது பின்னணியில் மெல்லத் தாளம் காட்டிக்கொண்டிருந்தாற் போதும் என்பது டெஸ்மண்டின் எண்ணம். மொரெல்லோவோ தனித்து வாசிக்க இடம் வேண்டுமென்று கேட்டு வந்தவர். அவர் தனியே வாசித்த முதல் இரவிலேயே சபையோர் ஆரவாரித்தனர். டெஸ்மண்ட் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் போகட்டும், அல்லது நான் போகிறேன் என்ற நிலை வந்தது. புரூபெக் இருவரையுமே விடவில்லை. நாளடைவில் இருவரும் உற்ற நண்பராயினர்.

நான்காமவர் யூஜீன் ரைட். சிக்காகோ நகரத்தில் பிறந்த கறுப்பினத்தவர். ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபிள் பேஸ் என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர். 1958 இன் தொடக்கத்தில் அவர் வந்தபின்னரே குழு நிறைவு பெற்றது. மற்ற மூவரும் எவ்வளவு தூரம் தாளத்தோடு விளையாடினாலும், வழி தவறாது திரும்பி வருவதற்கு நங்கூரம்போல நின்றவர் ரைட்.

அந்த ஆண்டிலேயே சோதனையும் வந்தது. தென்மாநிலங்களுள் ஒன்றாகிய வட கரோலினாவிலே ஒரு கல்லூரியில் நிகழ்ச்சி. மண்டபம் நிறைந்துவிட்டது. கறுப்பினத்தவர் வெள்ளையரோடு மேடையேறுதல் கூடாது என்று கல்லூரி நிருவாகத்தார் தடுத்தனர். ரைட் இல்லையானால் நிகழ்ச்சியும் இல்லை என்றார் புரூபெக். நேரமாக ஆக, மாணவர்கள் பொறுமையிழந்து தரையிலே காலை உதைத்து ஓசையெழுப்பினர். ஈற்றில் நிருவாகத்தார், ரைட் பின்னாலே, கண்ணிற் படாமல் நின்று வாசிக்கலாம் என்று இணங்கினர். புரூபெக்கும் சரியென்றார். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் ரைட்டின் தனிவாசிப்பு முறை வந்தது. "உம்முடைய ஒலிவாங்கி பழுதாகிவிட்டது, முன்னால் வந்து என்னுடையதில் வாசியும்" என்று புரூபெக் அழைத்தார். ஒலிவாங்கிக்கு ஒரு பழுதுமில்லை! ரைட் மேடையின் முன்புறம் வந்து வாசித்தார்; மாணவர்கள் கொண்டாடினர். அவர்களுக்கு அதில் ஒரு குற்றமும் தோன்றவில்லை.

இவ்வாறு சொந்த நாட்டிலே ஒரு கல்லூரி மேடையில் முன்னே நிற்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட அதே மனிதரை, சில வாரங்களுக்குள், அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் தன் நாட்டின் சுதந்திரத்துக்குச் சான்றாக உலகத்தின் முன்னே நிறுத்தியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போட்டியிட்டிருந்த காலம் அது. ஜாஸ் சுதந்திர நாட்டின் இசை என்று காட்டுவதற்காக இசைக்குழுக்களை அயல்நாடுகளுக்கு அனுப்பி வந்தனர். 1958 இல் புரூபெக் குழு போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாக்கிஸ்தான், இந்தியா, ஈரான், ஈராக் முதலிய நாடுகளுக்குச் சென்றது. அந்தப் பயணத்தில் நம் இலங்கைக்கும் வந்து, கொழும்பிலே வாசித்தது.

அனுப்பியவர்களின் நோக்கம் எதுவாயினும், போனவர்கள் காதைத் திறந்து வைத்துக்கொண்டு போயினர். இஸ்தான்புல் நகரத்துத் தெருவிலே வாசித்தவர்கள் ஒன்பது எண்ணிக்கையை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்து வாசித்ததைப் புரூபெக் கேட்டார். 'தக தக தக தகிட' என்று சொல்லிப் பார்த்தால் அது நமக்கு உடனே வந்துவிடும். வானொலி நிலையத்து இசைஞரிடம் அதைப்பற்றிக் கேட்டபோது, உங்கள் நாட்டாருக்கு புளூஸ் எப்படியோ, எங்களுக்கு இது அப்படி என்று விடை சொன்னார்கள். இந்தியாவிலே பம்பாயில் சித்தார் மேதை அப்துல் ஹலீம் ஜாபர் கானைச் சந்தித்தனர். சென்னையிலே மொரெல்லோ, மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்களோடு சேர்ந்து வாசித்தார். இடக்கையால் வாசித்தே பெரும் புகழ் பெற்றவர் பிள்ளை அவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மேனாட்டு டிரம் கலைஞர் குச்சியால் அடிப்பவர். நம் வித்துவான்கள் விரலால் பேசுபவர்கள். பயணம் முடிந்து திரும்பிய ஆண்டிலேயே வெளியிட்ட தட்டிலே 'கல்கத்தா புளூஸ்' என்னும் உருப்படியில் மொரெல்லோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, விரல்களாலும் கைகளாலும் டிரம்மை வாசித்திருக்கின்றார். கீழைநாட்டில் அவர் கேட்டது வீண்போகவில்லை.

இந்தப் பயணத்தின் விளைவாகப் புரூபெக்கின் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. ஜாஸ் இசை பெரும்பாலும் நான்கெண்ணிக்கையிலேயே நடந்து பழகிவிட்டது. உலகத்து மக்கள் எத்தனையோ விதமாக எண்ணுகின்றார்களே, நாம் ஏன் எண்ணக்கூடாது? வெவ்வேறு தாளங்களுக்காகவே ஒரு முழு இசைத்தட்டு வெளியிட விரும்பினார். கொலம்பியா நிறுவனத்தாரிற் பலர் அஞ்சினர். எல்லாம் புதிய உருப்படிகள், ஆட முடியாத தாளங்கள், அட்டையிலோ புகைப்படத்துக்குப் பதில் ஓவியம். நிறுவனத் தலைவர் கொடார்ட் லிபர்சன் இவர் பக்கம் நின்றார். ஆயினும், மக்கள் அறிந்த தென்மாநிலப் பழம்பாடல்களைக் கொண்ட தட்டு ஒன்றை முதலிலே கொடுத்தபின்னரே இதற்கு வழி பிறந்தது. 1959 யூன் முதல் ஓகஸ்ட் வரை நியூயோர்க் நகரத்திலே பதிவு நடந்தது. 'டைம் அவுட்' என்ற பெயரோடு அவ்வாண்டு டிசெம்பரில் தட்டு வெளிவந்தது. இஸ்தான்புல் தெருவிலே கேட்ட ஒன்பதெண்ணிக்கை அதன் முதல் உருப்படி. மூன்றாம் உருப்படி 'டேக் ஃபைவ்'.

நேயர்களே, 'டேக் ஃபைவ்' பிறந்த கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மொரெல்லோ தனிவாசிப்புகளில் ஐந்தெண்ணிக்கையை வைத்து விளையாடுவது வழக்கம். அவருடைய தனிவாசிப்புக்கென்றே இந்த மெட்டு அமைக்கப்பட்டது. அமைத்தவர் யார்? டிரம் வாசிப்பவர் பின்னாலே அடங்கியிருக்க வேண்டுமென்று சொல்லி மேடையை விட்டு இறங்கிப் போன அதே டெஸ்மண்ட்! அவர் எழுதி வந்த இரு சிறு மெட்டுக்களை ஒன்றாகக் கோத்து உருவம் கொடுக்க வழிகாட்டியவர் புரூபெக். பதிவின் முதல்நாள் பலமுறை முயன்றும் ஐந்தெண்ணிக்கை பிடிபடாது இடறிற்று. யூலை 1 ஆம் நாள்தான் சரியாக அமைந்தது.

அந்தப் பதிவை ஊன்றிக் கேட்டால் வேறொன்றும் புலப்படும். டெஸ்மண்ட் விரித்து வாசிக்கின்றார். மொரெல்லோ விரித்து வாசிக்கின்றார். குழுவின் தலைவராகிய புரூபெக் தனியே ஒரு சுற்றுக்கூட வாசிக்கவில்லை. தொடக்கம் முதல் ஈறுவரை 'தகிட தக' என்று இரண்டே கூட்டொலிகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டேயிருக்கின்றார். ரைட்டின் நரம்போசை அதனோடு சேர்ந்து நிற்கின்றது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்பொழுது பாடகர் வாய்திறவாது தாளம் போட்டுக்கொண்டிருப்பாரே, அதுபோல. தலைவர் தம் பெயரால் வழங்கும் குழுவின் மிகப் புகழ்பெற்ற உருப்படியிலே, மற்றவர் ஒலிப்பதற்காகத் தாளம் காத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, மேடைக்கு வெளியே நடந்ததைக் காண்போம். அந்தத் தட்டு வெளிவந்து சில வாரங்களே சென்றிருந்தன. 1960 இன் தொடக்கத்தில் தென்மாநிலக் கல்லூரிகளில் இருபத்தைந்து நிகழ்ச்சிகள் கொண்ட சுற்றுப்பயணம் ஒழுங்காகியிருந்தது. அக்கல்லூரிகளிற் பெரும்பாலானவை, குழுவிலே கறுப்பினத்தவர் இருக்கிறார் என்று அறிந்ததும், அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரைக் கொண்டு வரவேண்டும் என்று கேட்டன. புரூபெக் மறுத்தார். நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. கல்லூரி மண்டபங்களே இக்குழுவை வாழவைத்தவை. அந்தக் கல்லூரிகளே இப்பொழுது கதவடைத்தன. பெருந்தொகையான வருவாய் போயிற்று. ஏறக்குறைய அதே நாட்களில், 1960 பெப்ரவரி 1 ஆம் நாள், வட கரோலினாவிலே கிரீன்ஸ்பரோ நகரத்தில் கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்தனர் என்பதையும் இங்கே நினைவு கூர்தல் தகும். காலம் மாறத் தொடங்கியிருந்தது.

புரூபெக் ஓர் அரசியற் போராளியல்லர். சட்டங்களை மாற்றியவர் இசைக்கலைஞரல்லர். சிறைசென்றும் அடிபட்டும் வீதியிலே நின்ற கறுப்பின மக்களே. தமக்குரிய வட்டத்திலே, தம்மால் இயன்றதை அவர் செய்தார் என்பதே சரியான மதிப்பீடு. ஆனால் புகழ் இல்லாதவன் எதையும் இழப்பது எளிது. புகழ் வந்து, வாய்ப்புக்கள் வரிசையாக நிற்கும் வேளையில், நான்காம் மனிதனை விட்டுவிட்டால் போதும், எல்லாம் கிடைக்கும் என்று சொல்லப்படும்பொழுது, விடமாட்டேன் என்று சொல்லுதல் எளிதன்று.

இழந்தது ஒருபுறமிருக்க, மக்கள் அந்த இசையைத் தாமே தேடிக் கண்டுகொண்டனர். 1961 இல் 'டைம் அவுட்' அமெரிக்காவின் பொது இசைத்தட்டு விற்பனை வரிசையிலே இரண்டாம் இடத்தை எட்டியது. 'டேக் ஃபைவ்' தனித்தட்டாக வந்து அவ்வாண்டு வரிசையிலே இருபத்தைந்தாம் இடம் பெற்றது. ஆட முடியாதென்று ஒதுக்கப்பட்ட ஐந்தெண்ணிக்கை, சீட்டியடித்துக்கொண்டு நடக்கும் சிறுவர் வாயிலும் ஏறிற்று. விமரிசகரிற் சிலர் மட்டும் மனமிரங்கவில்லை. புரூபெக்கின் கை கனத்தது. ஜாஸ் இசைக்குரிய துள்ளல் அதிலில்லை. இது பள்ளிக்கூடத்து ஜாஸ் என்றனர். கனத்த கைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கனம் இல்லையானால் டெஸ்மண்டின் மென்மை அவ்வளவு துலங்கியிராது என்பது என் எண்ணம்.

1961 இல் புரூபெக்கும் அயோலா அம்மையாரும், லூயி ஆம்ஸ்ட்ரோங் அவர்களைத் தலைமைப் பாடகராகக் கொண்டு, 'உண்மைத் தூதுவர்கள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இசை நாடகத்தைப் பதிவு செய்தனர். அயல்நாட்டில் தூதுவனென்று போற்றப்படும் கலைஞன், சொந்த நாட்டிலே சமமாக நடத்தப்படுவதில்லையே என்னும் முரண்பாடே அதன் பொருள். 1962 இல் மொன்றரே இசைவிழாவில் அது மேடையேறியது. 1963 பெப்ரவரியில் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் நால்வரும் வாசித்த நிகழ்ச்சி, அவர்களுடைய திறம் முழுவதையும் ஒரே இரவிற் காட்டுவது என்று இரசிகர் போற்றுவர்.

1967 டிசெம்பரில் குழு கலைந்தது. பகையினால் அன்று. புரூபெக் தேவாலயங்களுக்கும் பெரிய பாடற்குழுக்களுக்கும் உரிய இசையை இயற்ற விரும்பினார்; இடைவிடாத பயணத்தால் நால்வரும் களைத்திருந்தனர். 1976 இல் ஒருமுறை நால்வரும் மீண்டும் கூடி வாசித்தனர். மறு ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் டெஸ்மண்ட் காலமானார். மொரெல்லோ 2011 இலும், புரூபெக் தம் தொண்ணூற்றிரண்டாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், 2012 டிசெம்பர் 5 ஆம் நாளிலும் மறைந்தனர். எல்லோருக்கும் பின்னாக, 2020 டிசெம்பரில், தொண்ணூற்றேழு வயதில் ரைட் மறைந்தார். நால்வருள் இறுதிவரை இருந்து அக்கதையைச் சொல்லும் பேறு, மேடையின் பின்னாலே நிற்கும்படி சொல்லப்பட்ட அவருக்கே வாய்த்தது.

ஒரு செய்தி மட்டும் எஞ்சியிருக்கிறது. மனைவி மக்கள் இல்லாத டெஸ்மண்ட், 'டேக் ஃபைவ்' மெட்டின் உரிமைப் பணத்தைத் தம் மரணசாசனத்திலே அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். அன்று தொட்டுப் பல மில்லியன் டொலர் அந்தச் சங்கத்தைச் சென்றடைந்திருக்கிறது. போர்முனைக்குப் போகவிருந்த ஓர் இளைஞனைப் பியானோவின் முன்னே இருத்தி உயிர்காத்தது செஞ்சிலுவைச் சங்கத்தாரின் நிகழ்ச்சி அல்லவா? அவனுடைய நண்பன் அதே சங்கத்துக்குத் தன் இசையைக் கொடுத்துச் சென்றான். இருவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆயினும் கணக்குத் தீர்ந்தது போலிருக்கிறது.

நேயர்களே, அந்த மெட்டை இனி எங்கேனும் கேட்க நேர்ந்தால், குழலின் இனிமையிலே மட்டும் மனத்தை விட்டுவிடாதீர்கள். அதன் அடியிலே ஓயாது தாளம் காத்துக்கொண்டிருக்கும் பியானோவையும், அதனோடு நிற்கும் ரைட்டின் கனத்த நரம்போசையையும் சேர்த்துக் கேளுங்கள். ஐந்து எண்ணுவது நமக்கு எளிது. நால்வரையும் நால்வராகவே எண்ணுவதற்கு அவர்கள் கொடுத்த விலையும் அந்த ஓசையிலே இருக்கிறது.